பாமசியில் மருந்து மாறித் தந்தால் வழக்குப் போடலாமா?

போடலாம். நீரிழிவுக்கு எழுதிய மெட்ஃபோர்மினுக்குப் பதிலாக உங்கள் அம்மாவுக்கு யாழ்ப்பாணத்துப் பாமசி ஒன்று கிருமித்தொற்றுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோலைக் கொடுத்திருக்கிறது. இந்த இரண்டு பெயரும் ஒன்றுக்கொன்று மாறிப்போவது புதிதல்ல. டொக்டரின் எழுத்து விளங்கவில்லை என்பது சாட்டே இல்லை. விளங்காவிட்டால் அவரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

மிச்சக் குளிசைகளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். "கொண்டாங்கோ, மாத்தித் தாறம்" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். குளிசை, "காலை 1, இரவு 1" என்று அவர்கள் கையால் எழுதிய உறை, மருந்துத் துண்டு, பில், எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்டி, நடந்ததைக் கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள். வழக்கில் சிக்கலே இங்கேதான்: மருந்து மாறியது மட்டும் போதாது, அதனால்தான் பாதிப்பு வந்தது என்று காட்ட வேண்டும்.

கவனக்குறைவுக்கான நட்டஈட்டு வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். காலவரையறை 2 வருடம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கேளுங்கள். உயிராபத்து வரை போயிருந்தால் பொலிசிலும் முறையிடலாம்.

பெரிய பாதிப்பு இல்லையென்றால், என் எண்ணத்தில் வழக்கு வீண் அலைச்சல். பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையின் உணவு மருந்துப் பரிசோதகரிடம் எழுத்தில் முறையிடுங்கள். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டப்படி பாமசிக்கு உரிமம் வேண்டும். கடைக்காரர் பயப்படுவது அது பறிபோவதற்குத்தான்.