நான்கு பக்கக் கட்டுரையின் எடை

கேள்வி: உளவியலில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்து வருகிறேன். ஒருவருடைய கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதைக் கொண்டே அவருடைய தகுதியை அளக்கிறார்கள். மனநல மருத்துவத்துக்கு இந்த அளவுகோல் பொருந்துமா?
(வாசகர், திருச்சி)

பதில்: ஓரளவுக்குத்தான் பொருந்தும். ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் என்பவரை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டுகள் ஜப்பானியரின் போர்க் கைதியாக இருந்து திரும்பிய அவர், மெல்பர்னை அடுத்த பண்டூரா மனநல மருத்துவமனையில், பயன்படாமல் கிடந்த ஒரு சமையல் பண்ட அறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். கட்டுக்கடங்காத உற்சாகமும் ஆவேசமுமாகிய மேனியாவுக்கு உடலில் சுரக்கும் ஏதோ ஒரு நச்சே காரணமாக இருக்கும் என்று கருதி, நோயாளிகளின் சிறுநீரைக் கினிப்பன்றிகளுக்கு ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார். சிறுநீரிலுள்ள யூரிக் அமிலத்தையும் சோதிக்க முயன்றபோது, அது நீரில் எளிதில் கரையாததால், லித்தியம் என்ற உலோகத்துடன் சேர்ந்த அதன் உப்பைப் பயன்படுத்த நேர்ந்தது; பிறகு லித்தியம் கார்பனேட்டை மட்டும் செலுத்தியபோது, மல்லாக்கப் போட்டால் துள்ளிப் புரளும் அந்தப் பிராணிகள் அப்படியே கிடந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அது அமைதியன்று, லித்தியம் மிகுந்து ஏற்பட்ட நச்சு மயக்கமாகவே இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் கூறினார்கள். தவறான ஊகத்திலிருந்து சரியான மருந்து கிடைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

முதலில் தாமே லித்தியத்தை உட்கொண்டு பார்த்த கேட், 1948 மார்ச்சில், ஐந்தாண்டுகளாக மேனியாவில் இருந்த 51 வயது நோயாளி ஒருவருக்கு அதைக் கொடுத்தார். அந்த நோயாளி ஜூலையில் வீடு திரும்பிப் பழைய வேலையிலும் சேர்ந்தார். மேனியா நோயாளிகள் பத்துப் பேரின் விவரங்களுடன் கட்டுரை 1949 செப்டம்பர் 3 அன்று ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளிவந்தது. மொத்தம் நான்கே பக்கங்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத குழு எதுவும் அதில் இல்லை. இன்றைய இதழ்கள் அதைப் படித்ததும் திருப்பி அனுப்பியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்த ஆண்டிலேயே அமெரிக்காவில், உப்பைத் தவிர்க்க வேண்டிய இதய நோயாளிகள் மாற்றாகப் பயன்படுத்திய லித்தியம் குளோரைடால் சிலர் இறந்தார்கள். கேடின் முதல் நோயாளியும் 1950இல் லித்தியத்தின் நச்சுத்தன்மையால் இறந்துபோகவே, அவர் அம்மருந்தைக் கைவிட்டார். அதை மீட்டெடுத்தவர்களில் முதன்மையானவர் டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ. 1954இல் ஒப்பீட்டு ஆய்வு நடத்திய அவர், பின்னர் பாஸ்ட்ரப் என்ற மருத்துவருடன் சேர்ந்து, நோய் திரும்புவதையே லித்தியம் தடுக்கிறது என்று 1967இல் எழுதினார். அடுத்த ஆண்டே பிரிட்டனின் லான்செட் இதழில் இரு மருத்துவர்கள் அதைக் கட்டுக்கதையோ என்று கேட்டு எழுதினார்கள். மேற்கோள் கணக்கில் பாராட்டுக்கும் கண்டனத்துக்கும் ஒரே மதிப்பெண்தான் என்பதை இங்கே கவனியுங்கள். அந்தக் கண்டனம் வீண்போகவில்லை. 1970இல் ஷோ குழுவினர் 84 பெண்களிடம், யாருக்கு எது தரப்படுகிறது என்று தெரியாத வகையில் சோதனை செய்தார்கள். லித்தியத்தைத் தொடர்ந்த 45 பேரில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை; மருந்தில்லாத போலி மாத்திரை பெற்ற 39 பேரில் 21 பேருக்குத் திரும்பியது. அமெரிக்க அரசு மேனியாவுக்கு அம்மருந்தை அனுமதித்ததும் அதே ஆண்டில்தான்.

மேற்கோள்களைக் கொண்டு ஆய்வாளரை அளக்கத் தங்கள் துறையில் புழங்கும் எச் எண் (h-index), பத்து என்றால், குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் பத்து இருக்கின்றன என்று பொருள். கேட் இந்த ஒரு கட்டுரையை மட்டும் எழுதியிருந்தால், அதற்கு ஆயிரம் மேற்கோள் கிடைத்தாலும் அவருடைய எச் எண் ஒன்றுதான்.

கேள்வி: என் தம்பி இருமுனை மனநோய்க்கு (மேனியாவும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) லித்தியம் சாப்பிடுகிறான். நன்றாக இருக்கும்போதும் ரத்தப் பரிசோதனை ஏன்?
(வாசகி, மதுரை)

பதில்: பயன் தரும் அளவுக்கும் தீங்கு தரும் அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதால்தான். பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்குமாறு பார்த்துக்கொள்கிறார்கள், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. கடைசி மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே ரத்தம் எடுக்க வேண்டும். லித்தியத்தை வெளியேற்றுவது சிறுநீரகமே என்பதால், வயிற்றுப்போக்கினாலோ கடும் வியர்வையாலோ உடலில் நீர் வற்றினாலும், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிட்டாலும் அதன் அளவு ஏறிவிடும். கை நடுக்கம் மிகுந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.