ஜாமீன் எளிதானால் புகார் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு குறையுமா?

செங்கோட்டையிலிருந்து புளியரையைத் தாண்டினாலே கேரளம் என்பதால், ஜாமீனில் வந்தவர் தப்பிவிடுவாரே என்று புகார் கொடுத்த நீங்கள் அஞ்சுவது நியாயம்தான். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாத ஒருவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகச் சிறையில் கழித்திருந்தால் விடுவிக்கச் சொல்கிறது. மரண, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு அது பொருந்தாது.

சொத்துள்ள ஜாமீன்தாரைக் கேட்பதால் பாதிக்கப்பட்டவருக்குப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. வசதியுள்ளவர் வெளியே வந்து மிரட்டவும், செம்மர வழக்கில் ஆந்திரச் சிறையிலிருக்கும் ஜவ்வாதுமலைக் கூலியாள் ஜாமீன் நிற்க ஆளில்லாமல் தவிக்கவுமே அது வழிசெய்கிறது. வேறு மாவட்டத்து ஜாமீன்தாரை மறுக்கக் கூடாதென 1978இலேயே உச்ச நீதிமன்றம் கூறியது. ஜாமீன் விசாரணையில் பாதிக்கப்பட்டவரின் குரலைக் கேட்க வேண்டுமென 2022இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், மிரட்டல் இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். பின்னர் மிரட்டினால் ஜாமீனை ரத்து செய்யவும் மனு செய்யலாம்.