வீட்டிலிருந்தே சூரியப் புள்ளிகளை எண்ணி 11 ஆண்டுச் சுழற்சியைக் கண்டுபிடிக்க முடியுமா?

சூரியன் மேல் தெரியும் கறுப்புப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும்; அதை நீங்களே எண்ணிக் காண தாராளமாக முடியும். பெரிய கருவி வேண்டாம், விடாத பழக்கம்தான் வேண்டும். ஜெர்மனியின் டெஸ்ஸாவில் மருந்தாளராக இருந்த ஹைன்ரிக் ஷ்வாபே 1826 முதல் வெயில் அடித்த நாளெல்லாம் சூரியனைப் பார்த்தார். தேடியது புதனுக்கும் உள்ளே சுற்றும் ஒரு கோளை. கிடைத்தது புள்ளிகள் கூடிக் குறையும் கணக்கு. 1840-களில்தான் அதை வெளியிட்டார்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இருக்கிறேன். மதியத்துக்கு மேல் மேகம் கூடிவிடும் என்பதால் காலையிலேயே பார்த்துவிடுவேன். சின்னத் தொலைநோக்கியில் வரும் ஒளியை வெள்ளை அட்டையில் விழவைத்து, வட்டம் போட்டு வரைவேன். குழலில் கண்ணை வைக்கவே கூடாது. புகைமூட்ட நாளில் சூரியன் சிவந்து மங்கியிருந்தாலும் வெறும் கண்ணால் பார்க்காதீர்கள்.

அட்டையில் தெரியும் கறுப்பெல்லாம் புள்ளி அல்ல. அட்டையை மெல்ல நகர்த்துங்கள்: கூடவே நகர்ந்தால் காகிதக் கறை. சூரிய பிம்பம் நகர்ந்தும் அப்படியே நின்றால் வில்லைத் தூசி. பிம்பத்தோடு சேர்ந்து போனால்தான் புள்ளி. பெரிய புள்ளியில் நடுக்கறுப்பைச் சுற்றிச் சாம்பல் ஓரம் தெரியும்.

எண்ணுவதற்கு 1848-இல் சுவிஸ் வானியலாளர் ருடால்ஃப் வோல்ஃப் தந்த வழிதான்: அருகருகே சேர்ந்திருக்கும் புள்ளிக் கூட்டங்களைப் பத்தால் பெருக்கி, தனிப்புள்ளிகளைக் கூட்டுங்கள். 3 கூட்டம், 14 புள்ளி என்றால் 44. ஒற்றைப் புள்ளி மட்டும் இருந்தாலும் அது ஒரு கூட்டம்தான், ஆக 11.

நான் மிக முக்கியமாக நினைப்பது இதுதான்: மழை நாளில் பூஜ்யம் எழுதாதீர்கள், 'பார்க்கவில்லை' என்று எழுதுங்கள். சூரியனைப் பார்த்தும் புள்ளி இல்லாத நாளுக்கு மட்டுமே பூஜ்யம். நம் ஊர் நவம்பர் மழையில் இரண்டையும் கலந்தால், சராசரி பொய்யாகக் கீழே இறங்கும்.

மாதச் சராசரியும் எகிறிக் குதிக்கும். அதனால்தான் 13 மாதக் கணக்கை எடுத்துச் சமன் செய்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் ஆறு மாதப் பதிவு வேண்டும் என்பதால், உச்சம் வந்ததே ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். 2019 டிசம்பரில் தொடங்கிய 25-வது சுழற்சிக்கு 2025 ஜூலையில் உச்சமாக 115 வரும் என்று வல்லுநர் குழு கணித்தது. 2024 அக்டோபரிலேயே 160-ஐத் தொட்டுவிட்டது.

உங்கள் எண் பிரஸ்ஸல்ஸில் தொகுக்கும் உலக எண்ணோடு ஒத்துப்போகாது. அதைப் பார்த்துத் திருத்தாதீர்கள். ஒவ்வொருவர் கண்ணுக்கும் கருவிக்கும் ஏற்ப ஒரு பெருக்கெண்ணை வோல்ஃபே வைத்திருக்கிறார். சில மாதப் பதிவு சேர்ந்ததும் உங்களுடையதை நீங்களே கணக்கிடலாம்.