கழன்று வராத பேட் பின்: மண்ணெண்ணெய் ஊற்றலாமா?

கேள்வி: தூத்துக்குடியில் இருக்கிறேன். என்னுடையது பழைய 150 சிசி பைக். முன்சக்கர டிஸ்க் பிரேக் பேட்டை நானே மாற்றலாம் என்று, பேட்டை டிஸ்கின் மேல் அழுத்தும் பாகமான கேலிப்பரைக் கழற்றினேன். பேட்டைத் தாங்கும் பின் அசையவே இல்லை. ஆறுமுகச் சாவியான அலன் கீ வழுக்கி, பின் தலையில் உள்ள குழியின் மூலைகள் மழுங்கத் தொடங்கிவிட்டன. மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுவதும் ஊறவிடச் சொல்கிறார் ஒரு நண்பர். கேஸ் வைத்துச் சூடு காட்டச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில்: இரண்டுமே வேண்டாம். அலன் கீயையும் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள். குழியில் இன்னும் மூலை மிச்சம் இருக்கும்வரைதான் இந்த வேலை வீட்டில் முடியும். அதுவும் போனால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

மண்ணெண்ணெய் ஏன் கூடாது? கேலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றியுள்ள சீல், டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயிலுக்கென்றே செய்த இபிடிஎம் ரப்பர். மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல், சாதாரண கிரீஸ் எது பட்டாலும் அது உப்பிவிடும். உப்பிய சீல் பிஸ்டனைப் பின்வாங்க விடாது. லீவரை விட்ட பிறகும் பேட் டிஸ்கில் உரசிக்கொண்டே இருக்கும். மண்ணெண்ணெயில் கேலிப்பரை முக்கிக் கழுவுகிற பழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும்.

கேஸ் தீயும் அந்தச் சீலைக் கருக்கும், உள்ளே இருக்கும் பிரேக் ஆயிலைக் கொதிக்க வைக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ பட்டால் பாஸ்ஜீன் உருவாகலாம். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட நச்சு வாயு அது.

இனி அந்தப் பின்னைக் கவனியுங்கள். பெரும்பாலான மாடல்களில் அது முழு நீளத்துக்கும் மரை போட்ட போல்ட் அல்ல. வெளிமுனையில் மட்டும் கொஞ்சம் மரை, மற்றபடி வழவழப்பான கம்பி. அலன் குழிக்கு மேல், ஸ்குரூடிரைவர் வெட்டுடன் ஒரு சின்ன மூடி இருக்கும். பல வண்டிகளில் அது எப்போதோ விழுந்து தொலைந்திருக்கும். குழியில் தண்ணீரும் உப்பும் தேங்கும். இரும்புப் பின்னும் அலுமினியக் கேலிப்பரும் சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். கடற்காற்று வீசும் ஊரில் இது சீக்கிரமே நடந்துவிடும்.

முதலில் கேலிப்பரை மறுபடியும் ஃபோர்க்கில் மாட்டி இறுக்குங்கள். கையில் தொங்கும் கேலிப்பரில் பின்னைத் திருப்ப முடியாது. கேலிப்பரைக் கழற்றும் முன்பே பின்னை அரைச் சுற்று தளர்த்தி வைப்பதுதான் சரியான வரிசை. பிறகு ஒரு தடித்த ஊசியால் குழியின் அடிவரை துருவைச் சுரண்டி எடுங்கள். அடியில் ஒரு மில்லிமீட்டர் துரு கிடந்தாலும் கீ முழுசாக உட்காராது, வழுக்கத்தான் செய்யும். மரை தொடங்கும் விளிம்பில் துரு இளக்கும் எண்ணெயை ஊசிமுனையால் ஒரு சொட்டு மட்டும் வையுங்கள். ஸ்பிரேயாக அடித்தால் டிஸ்கில் படும். பழைய பேட்டைத் தூக்கிப் போடப்போகிறோம், டிஸ்கை அப்படிப் போட முடியாது.

சில மணி நேரம் கழித்து, குழியில் பொருந்தும் பஞ்ச் என்ற இரும்புக் கம்பியை வைத்துச் சின்னச் சுத்தியலால் நேராகச் சில தட்டு தட்டுங்கள். துருவின் பிடியை விடுவிப்பது பெரும்பாலும் இந்த அதிர்ச்சிதான். கெட்டிலில் கொதிக்கும் தண்ணீரைக் கேலிப்பர் மேல் ஊற்றுவதும் உதவும். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும், 100 டிகிரி சீலுக்கும் கேடில்லை.

இப்போது புதிய, முனை தேயாத அலன் பிட் சாக்கெட்டைக் குழிக்குள் தட்டி இறக்கி, முதலில் மயிரிழை அளவு இறுக்குங்கள். பிறகு தளர்த்துங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தால் மரை விட்டுக்கொடுத்துவிட்டது. சத்தமே இல்லாமல் ரப்பர் போல இழுபட்டுத் திரும்பினால் உடனே நிறுத்துங்கள். பின் முறுகுகிறது, அடுத்து ஒடியும்.

மூலைகள் முழுசாகப் போய்விட்டதா? 5 மில்லிமீட்டர் குழி என்றால் டி30 டார்க்ஸ் பிட்டை (நட்சத்திர வடிவ முனை) அடித்து இறக்குங்கள். அதன் ஆறு பற்களும் மழுங்கிய சுவரில் புதிதாகப் பிடி தேடிக்கொள்ளும். அதுவும் தோற்றால் கேலிப்பரைக் கழற்றி, ஹாக்ஸா பிளேடால் பின்னை நடுவில் அறுத்துவிடலாம். பேட்கள் வந்துவிடும். மரைப் பக்கம் மிஞ்சும் துண்டின் தண்டை வைஸ் கிரிப்பால் (பிடித்தபடி பூட்டிக்கொள்ளும் பிளையர்) உள்ளிருந்து பிடித்துத் திருப்ப இடம் கிடைக்கும். புதுப் பின் விலை அதிகமில்லை. ஒடிந்த துண்டை வெளியே எடுக்கும் எதிர்மரைக் கருவியான ‘ஈஸி அவுட்’டை மட்டும் வீட்டில் அதற்குள் திருகாதீர்கள். அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேலிப்பர் போல்ட்டுக்கு ரிங் ஸ்பேனர் அல்லது ஆறுமுக சாக்கெட்தான். பானா ஸ்பேனர் வேண்டாம். டிஸ்க் போல்ட் வராவிட்டால் காரணம் பெரும்பாலும் துரு அல்ல, மரையில் தடவிய ஒட்டுப்பசை. அதற்கு எண்ணெய் பயன்படாது. சால்டரிங் அயர்னைப் போல்ட் தலையில் சில நிமிடம் வைத்தால் இளகும். பிரேக் ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள் நடுவில் ஓட்டையுள்ளது, எளிதில் ஒடியும். ஓட்டைக்குள் அளவான டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தைச் செருகிக்கொண்டு திருப்புங்கள்.

புதுப் பின்னில் சிலிக்கான் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள், பேட் பரப்பில் படக்கூடாது. ஹோண்டாவின் பல மாடல்களில் பேட் பின்னை இறுக்கும் முறுக்கு விசை 18 நியூட்டன் மீட்டர், கேலிப்பர் போல்ட்டுக்கு 30. உங்கள் வண்டியின் அளவை அதன் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். அந்தச் சின்ன மூடியையும் வாங்கி மாட்டுங்கள். வண்டியை எடுக்கும் முன், லீவர் கெட்டியாகும்வரை பலமுறை அழுத்திவிட்டு, தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.