மாடிக்கு இன்னொரு ரௌட்டர்: பிரிண்டர் ஏன் தெரியவில்லை?

கேள்வி: எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. ரௌட்டர் கீழே ஹாலில். மாடியில் சிக்னல் வராததால் கேபிள் இழுத்து, சும்மா கிடந்த பழைய ரௌட்டரை அங்கே மாட்டினேன். நெட் வருகிறது. ஆனால் கீழே உள்ள வைஃபை பிரிண்டர் மாடி லேப்டாப்பில் தெரிவதில்லை. ஏன்?

பதில்: கேபிளை மாடி ரௌட்டரின் வேன் (WAN) போர்ட்டில், அதாவது இணையம் உள்ளே வரும் போர்ட்டில் செருகியிருப்பீர்கள். மற்ற போர்ட்களிலிருந்து தள்ளியோ வேறு நிறத்திலோ இருக்குமே, அதுதான். அதில் செருகினால் பழைய ரௌட்டர் தனியாக ஒரு நெட்வொர்க்கை உண்டாக்கிவிடும். கீழே உள்ளவை 192.168.1 வரிசையில் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) வாங்கினால், மாடியில் உள்ளவை 192.168.0 போன்ற வேறு வரிசையில் வாங்கும். பிரிண்டரைத் தேடி லேப்டாப் அனுப்பும் அழைப்பு மாடி ரௌட்டரைத் தாண்டாது.

பழைய ரௌட்டரின் மெனுவில் 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்' (தனி நெட்வொர்க் உண்டாக்காமல் கீழ் நெட்வொர்க்கையே வைஃபையில் நீட்டும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் கையால் மாற்றலாம். கேபிளைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பை அந்த ரௌட்டரோடு மட்டும் இணையுங்கள். முதலில் அதன் லேன் (LAN) ஐபியை, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அதன் சொந்த முகவரியை, 192.168.1.2 என்று மாற்றுங்கள் (கீழ் ரௌட்டர் 192.168.1.1 ஆக இருந்தால்). அது ரீஸ்டார்ட் ஆனதும் புதிய முகவரியில் உள்ளே போய் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் வசதி) நிறுத்துங்கள். இந்த வரிசை முக்கியம். டிஹெச்சிபியை முதலில் நிறுத்தினால் லேப்டாப்புக்கு முகவரி கொடுக்க ஆளில்லாமல், செட்டிங்ஸ் பக்கமே திறக்காமல் போகலாம். பிறகு ரீசெட் பொத்தானை அழுத்தி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கடைசியாகக் கீழிருந்து வரும் கேபிளை மற்ற போர்ட்களில், அதாவது லேன் போர்ட்களில் ஒன்றில் செருகுங்கள். வேன் போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

192.168.1.2 வேறு கருவிக்குப் போய்விடக் கூடாது. கீழ் ரௌட்டரில் டிஹெச்சிபி வழங்கும் முகவரிகளை 192.168.1.100 முதல் 192.168.1.200 வரை என்று வரம்பு கட்டிவிடுங்கள்.

இரண்டிலும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு முறை வையுங்கள். மாடி ஏறும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் மட்டும் வேறுவேறாக இருக்க வேண்டும்: கீழே 1, மாடியில் 6 அல்லது 11. இடைப்பட்ட எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இரண்டையும் கெடுக்கும்.

கேபிள் கேட் 5இ போதும், ஆனால் முழுச் செம்பாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் செம்பு பூசிய அலுமினியக் கேபிள் வளைத்தால் எளிதில் முறியும். கேபிளுக்குள் உள்ள எட்டுக் கம்பிகளையும் முனை பிளக்கில் கிரிம்ப் செய்யச் (அழுத்திப் பொருத்தச்) சொல்லுங்கள். நான்கை மட்டும் இணைத்தாலும் 100 எம்பிபிஎஸ் போகும் என்பதால் இன்று குறை தெரியாது. 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறும் நாளில்தான் தெரியும். பழைய ரௌட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகை என்றால் ஸ்பீட் டெஸ்ட்டில் 95-ஐத் தாண்டாது.

விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையைக் கீழ் ரௌட்டரில் மட்டும் வையுங்கள். மாடி ரௌட்டர் இப்போது வெறும் ஆக்சஸ் பாயிண்ட். அதில் கெஸ்ட் பெயர் வைத்தாலும், பல மாடல்களில் வருகிறவர் நேராக உங்கள் பிரிண்டர் இருக்கும் நெட்வொர்க்குக்குள்தான் வந்து நிற்பார்.