நான்கு ‘சேவ்’ பொத்தான்கள் – கடிதம்

வணக்கம் அண்ணா,

நான் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து தருகிறோம். இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் கொடுங்கள் என்று கடைக்காரர்களே கேட்டார்கள். ஸ்கூலில் தமிழில் நல்ல மார்க் வாங்கியவன் என்பதால் அந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது.

எனக்கு முன்னால் மூன்று பேர் கைவைத்த வேலை இது. ஒரே ‘சேவ்’ பொத்தான் ஒரு திரையில் ‘சேமி’, அடுத்ததில் ‘பதிவு செய்க’, இன்னொன்றில் ‘சமர்ப்பி’, ஸ்டாக் திரையில் ‘உறுதிப்படுத்தவும்’. எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடலாம் என்றேன். எங்கள் மேனேஜர் தமிழ் இலக்கியம் படித்தவர். “கூறியது கூறல் குற்றம். தமிழில் சொல்லுக்கா பஞ்சம்?” என்கிறார். ‘சேமி’ என்று ஒருமையில் எழுதினால் கஸ்டமரை ‘வா, போ’ என்று பேசுவது மாதிரி இருக்கிறதாம்.

‘பில்’ என்பதை ‘விலைப்பட்டியல்’ என்று மாற்றி வைத்திருந்தார்கள். ஒரு கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “எங்க கடைல துணிக்கு ஒட்டுற ரேட்டை எல்லாம் காட்டுமா இது?” என்று கேட்டார். ரிட்டர்ன் வரும் துணிக்கும் ‘திரும்பு’, முந்தைய திரைக்குப் போவதற்கும் ‘திரும்பு’. எங்கே ஆரம்பிப்பது அண்ணா?

(பெயர் வேண்டாம்)
கொருக்குப்பேட்டை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மிண்ட் பஸ் ஸ்டாண்டுதான் கண்முன் வந்தது. பஸ்ஸின் நெற்றியில் ‘வள்ளலார் நகர்’ என்று எழுதியிருக்கும். கண்டக்டர் “மிண்ட், மிண்ட்” என்று கூவுவார். இறங்கினால் தெருப் பலகையில் ‘தங்கசாலைத் தெரு’. மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் நாணயம் அடித்த இடம், அதனால் மிண்ட், அதனால் தங்கசாலை. பக்கத்தில் ஏழுகிணற்றில் வாழ்ந்தவர் வள்ளலார், அதனால் அந்தப் பெயர். மூன்று பெயரும் எனக்குப் பிடிக்கும். ஆனால் திண்டிவனத்திலிருந்து முதல் தடவையாக வந்த என் பெரியம்மா மகன், “தங்கசாலைக்கு வந்துடு” என்று நான் சொன்னதை நம்பி, பாரிமுனையில் நின்று மூன்று வள்ளலார் நகர் பஸ்ஸை விட்டுவிட்டான். அவனுக்கு முன்னால் நின்றது சரியான பஸ்தான். பெயர்தான் வேறு.

நான்கு ‘சேவ்’ பொத்தானுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பில் போடுகிற பெண்ணும் அந்த இடத்தில்தான் நிற்கிறார். ‘சேமி’ என்று ஒரு திரையிலும் ‘சமர்ப்பி’ என்று இன்னொன்றிலும் பார்த்தால், இரண்டும் வேறு வேறு வேலை செய்யும் என்றுதான் புத்தி உள்ள எவரும் நினைப்பார். சேமித்தால் நம் கடையிலேயே இருக்கும், சமர்ப்பித்தால் வேறு எங்கோ போய்விடும், திரும்ப எடுக்க முடியாது என்று பயப்படுவார். இரண்டு சொல் இருந்தால் இரண்டு பொருள் இருக்கும் என்பது மொழி நமக்குக் கொடுத்த பழக்கம். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் அவர் பொத்தானைப் படிக்கிறார்.

மேனேஜர் நன்னூலைச் சொல்வதில் எனக்குச் சந்தோஷம். பவணந்தி முனிவர் அடுக்கும் பத்துக் குற்றங்களில் ‘கூறியது கூறல்’ இருப்பது உண்மை. அதே பட்டியலில் ‘மயங்க வைத்தல்’, அதாவது படிப்பவரைக் குழப்புவது, என்று ஒன்றும் இருக்கிறது. அதையும் அவரிடம் காட்டுங்கள். ஒரே பத்தியில் ஒரே கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது கூறியது கூறல். இருபது திரையில் ஒரே வேலைக்கு ஒரே பெயர் வைப்பது அதில் சேராது. ஒருவரை இருபது தடவை பார்த்தாலும் அதே பெயர் சொல்லித்தானே கூப்பிடுகிறோம்?

ஆனால் ஒன்று. இதைக் கேட்டுவிட்டு, இங்கிலீஷ் சொல் ஒன்றுக்குத் தமிழ்ச் சொல் ஒன்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் பட்டது அங்கேதான். பல வருடம் முன்பு ஒரு மளிகை மொத்த வியாபாரிக்கு இதே மாதிரி வேலை செய்துகொடுத்தேன். ‘பேலன்ஸ்’ என்று வந்த இடத்தில் எல்லாம் ‘இருப்பு’ என்று போட்டேன். சீராக இருக்கிறது என்று எனக்குப் பெருமை. கடையில் திறந்து பார்த்தால், கடன் சொல்லிச் சரக்கு எடுத்துப் போனவர் பெயருக்கு எதிரே ‘இருப்பு 2,400’ என்று நிற்கிறது. கணக்குப்பிள்ளை அதை அவர் கட்டிய முன்பணம் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த சரக்கில் அதைக் கழித்துக் கொடுத்துவிட்டார்.

கடைக்காரர் வாயில் அது மூன்று சொல். வாடிக்கையாளர் தர வேண்டியது பாக்கி. ஐந்நூறு ரூபாய் நோட்டுக்கு நாம் திருப்பித் தருவது மீதி. கல்லாவிலும் குடோனிலும் இருப்பது இருப்பு. இங்கிலீஷுக்கு ஒரே சொல் போதும் என்றால் அது அந்த மொழியின் வசதி. நமக்கு மூன்று சொல் இருக்கும்போது ஒன்றாகக் குறுக்குவது நம் சொத்தை நாமே தொலைப்பது. ஒரு வேலைக்கு ஒரு சொல், ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று தமிழ்ப் பக்கத்திலிருந்து எண்ணுங்கள்.

இதற்கு புரோகிராமரின் உதவியும் வேண்டும். கெட்டெக்ஸ்ட் போன்ற மொழிபெயர்ப்பு முறைகளில் மூல வாசகம் ஒரே மாதிரி இருந்தால் எத்தனை இடத்தில் வந்தாலும் ஒரே வரியாகச் சேர்த்துவிடும். ‘ஹோம்’ என்று ஒரு தடவைதான் உங்கள் கைக்கு வரும். நீங்கள் ‘முகப்பு’ என்று எழுதுவீர்கள். டெலிவரி முகவரியில் வீடா ஆபீஸா என்று கேட்கிற இடத்திலும் ‘முகப்பு’ என்று போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டையும் பிரித்துக் காட்டச் சூழல் குறிப்பு எழுத அதிலேயே வழி இருக்கிறது. அதை எழுத வேண்டியது புரோகிராமர். கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள். எந்தத் திரையில், எந்த இடத்தில் வரும் என்று தெரியாமல் ஒரு சொல்லையும் எழுத மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பில்லிங்கில் நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டியது நீக்குவதும் ரத்து செய்வதும். பில்லில் தப்பாக ஏறிய ஒரு சேலையை எடுப்பது வேறு, பில்லையே செல்லாது என்று வைப்பது வேறு. ஜி.எஸ்.டி. விதிப்படி பில் எண் வரிசையாக வர வேண்டும். ரத்தான பில்லுக்கும் அதன் எண் அப்படியே இருக்க வேண்டும், நடுவில் ஓட்டை விழக்கூடாது. ஆகவே வரியை எடுக்க ‘நீக்கு’, பில்லுக்கு ‘ரத்து’ என்று பிரித்துவிட்டு, ஒன்றின் இடத்தில் மற்றது வரவே வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு, ‘கேன்சல்’ பொத்தானுக்கும் ‘ரத்து செய்’ என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ‘பில்லை ரத்து செய்யவா?’ என்று கேட்டுவிட்டு, கீழே ‘சரி’, ‘ரத்து செய்’ என்று இரண்டு பொத்தான் வைத்தால் எதை அமுக்குவது? பில்லை ரத்து செய்ய நினைப்பவர் ‘ரத்து செய்’யைத்தான் அமுக்குவார். ஒன்றும் நடக்காது. மறுபடி அமுக்குவார். பின்னால் ஆள் நிற்கும். தீபாவளி நேரத்தில் அந்த கவுண்டரில் நிற்கிறவரின் முகத்தை நினைத்துப் பாருங்கள். ‘பில்லை ரத்து செய்’, ‘வேண்டாம்’ என்று எழுதினால் கேள்வியைப் படிக்காதவருக்கும் புரியும்.

‘அழி’ என்ற சொல்லையே நான் பொத்தானில் எழுதுவதில்லை. காரணம் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஓர் அக்கா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். போனில் ஏதோ ஓர் ஆப் போட்டுக்கொண்டு தவித்தார். உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்தார், நான் பக்கத்தில் இருந்தேன். எதிர்முனையில் இருந்தவர், “அனுமதி அளி-னு இருக்கும் பாருங்க, அதை அமுக்குங்க” என்றார். திரையில் மேலே ‘அனுமதி அளி’ இருந்தது, கீழே ‘கணக்கை அழி’ இருந்தது. அக்கா, “அளியா? இன்னாத்த அளிக்கச் சொல்ற, கணக்கையா?” என்று கேட்டார். எதிர்முனை “ஆமாம்மா, அளி” என்றது. நல்லவேளை, நான் கையைப் பிடித்துக்கொண்டேன். நம் பக்கத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் காதுக்கு ஒன்றுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அப்படித்தான் பேசுகிறோம். பொத்தானில் எழுதும் சொல் கண்ணுக்கு மட்டும் போதாது, போனில் சொன்னாலும் பிரிந்து கேட்க வேண்டும். ‘அனுமதி கொடு’, ‘கணக்கை நீக்கு’ என்று இருந்திருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

இனி மரியாதை. மேனேஜரின் கவலை நியாயமானது, ஆனால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கடைக் கண்ணாடிக் கதவில் ‘தள்ளவும்’ என்று ஒட்டியிருக்கும். கதவு நம்மிடம் பேசுகிறது, அதனால் ‘தள்ளு’ என்று எழுதினால் உறுத்தும். பொத்தானில் பேசுவது நாம். மெஷினைப் பார்த்து ‘சேமி’, ‘நீக்கு’, ‘அச்சிடு’ என்கிறோம். மெஷினுக்கு மரியாதைப் பன்மை தேவையில்லை. மெஷின் நம்மிடம் ஏதாவது கேட்கும்போது, ‘போன் நம்பரைச் சரிபாருங்கள்’ என்று, மரியாதை தவறாமல் வரட்டும். இந்த ஒரு பிரிவை வைத்துக்கொண்டால் சேமி, சேமிக்க, சேமிக்கவும், சேமியுங்கள் என்ற சண்டை பாதிக்குமேல் அடங்கிவிடும்.

இடம் என்ற கணக்கும் இருக்கிறது. ‘சேமிக்கவும்’, ‘சேமிக்க வேண்டாம்’ என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சின்ன போனில் திறந்து பாருங்கள். இரண்டுமே ‘சேமிக்க…’ என்று வெட்டுப்பட்டு நிற்கும். நேர் எதிரான இரண்டு வேலைக்கு ஒரே முகம்.

‘பில்’லைப் பற்றிக் கடைக்காரர் கேட்டது சரி. அவருக்கு விலைப்பட்டியல் என்றால் எந்தத் துணி என்ன விலை என்கிற பட்டியல். அவர் பில் போடுகிறார், காசு வாங்கியதற்கு ரசீது தருகிறார். அந்த இரண்டையும் அவர் குழப்புவதே இல்லை. நீங்கள் ஏன் குழப்ப வேண்டும்? நன்னூல் சொல்லும் பத்து அழகில் ‘உலகம் மலையாமை’ என்று ஒன்று உண்டு. உலக வழக்கோடு மாறுபடாமல் சொல்வது. உலகம் என்றால் உயர்ந்தோர் என்பார்கள் உரைக்காரர்கள். பில் போடும் திரையைப் பொறுத்தவரை உயர்ந்தோர் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் என்று நான் மனதார நம்புகிறேன். சமர்ப்பி என்பது மனு கொடுக்கும் இடத்துச் சொல். ஜவுளிக்கடையில் யாரும் யாருக்கும் எதையும் சமர்ப்பிப்பதில்லை. பில்லிங் திரையில் அந்தப் பெரிய பொத்தானுக்கு ‘பில் போடு’ என்றே எழுதுங்கள். மற்ற திரைகளில் ‘சேமி’.

புதுச்சொல் கூடாது என்பதல்ல என் கட்சி. தமிழ் விக்கிப்பீடியாவில் ‘லாகின்’ என்பதற்கு ‘புகுபதிகை’ என்று முதலில் பார்த்தபோது எனக்கு நெருடியது. அங்கே எல்லாப் பக்கத்திலும் அதே இடத்தில் அதே சொல்லாக இருந்ததால் பழகிவிட்டது. ‘எடிட்’டுக்கு வைத்த ‘தொகு’வும் அப்படியே. புதிய சொல்லுக்கு ஆயுள் கொடுப்பது அது மாறாமல் நிற்பதுதான். பக்கத்துக்குப் பக்கம் மாறியிருந்தால் இரண்டு சொல்லும் அன்றைக்கே செத்திருக்கும்.

நீங்கள் எழுதிய சொல்லை யாராவது தப்பாகப் படித்தால் அவர்மேல் வருத்தப்படாதீர்கள். ஆப்பிள் கம்பெனி 1983இல் வெளியிட்ட லிசா கணினியை உருவாக்கும்போது, பொத்தானில் ‘டூ இட்’ (Do It) என்று வைத்திருந்தார்கள். ஆட்களை உட்கார வைத்துச் சோதித்தபோது, சொற்களுக்கு நடுவே இடைவெளி சரியாகத் தெரியாமல் சிலர் அதை ‘டோல்ட்’ (Dolt) என்று படித்தார்கள். முட்டாள் என்று பொருள். மெஷின் தங்களைத் திட்டுகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகுதான் அங்கே ‘ஓகே’ வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் இருந்திருந்தால் அது தெரிந்திருக்காது.

ஆகவே ஒரு செவ்வாய், புதன், கூட்டமில்லாத நாளாகப் பார்த்து எம்.சி. ரோட்டில் ஒரு கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். அவர்கள் வாயிலிருந்து வரும் சொல்லை நோட்டில் எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு தாளில் உங்கள் கம்பெனிக்கான சொற்களை எழுதி ஒட்டுங்கள். வேலை என்ன, அதற்கு வைத்த சொல் என்ன, அந்த இடத்தில் வரக்கூடாத சொற்கள் எவை. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ‘சேமி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அடுத்து வருபவர் ‘பதிவு செய்க’ என்பதைப் புதிதாகக் கண்டுபிடிப்பார். உதவிக் குறிப்புகளும் அந்தத் தாளைப் பார்த்தே எழுதப்பட வேண்டும். ‘பதிவு செய்க பொத்தானை அமுக்கவும்’ என்று குறிப்பு சொல்லி, திரையில் ‘சேமி’ மட்டும் இருந்தால், இல்லாத பொத்தானை அவர் எங்கே தேடுவார்?

‘திரும்பு’ என்பதில் என் எண்ணம் இது. திரும்பி வந்த துணியைக் கடையில் எல்லாரும் ரிட்டர்ன் என்கிறார்கள், அதை ‘ரிட்டர்ன்’ என்றே விடுங்கள். முந்தைய திரைக்கு ‘பின்செல்’. ‘திரும்பு’ எங்குமே வேண்டாம், அதைத் தாளில் வரக்கூடாத சொல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எக்ஸ்சேஞ்ச் என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. துணியை மாற்றுவதற்கும், பில்லில் அளவைத் திருத்துவதற்கும் இரண்டுக்கும் ‘மாற்று’ என்று இருக்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தாள் தயாரானதும் அனுப்புங்கள், உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்
தண்டையார்பேட்டை