ஆள் குறைவு என்பதால்தான் எங்கள் கிராமத்துக்கு பஸ் வரவில்லையா? மலையகத்திலும் இதே கதையா?

கேட்டவர் தமிழ்நாட்டுக்காரர். ஊரில் சில நூறு பேர்தான், பஸ் பிடிக்க வெகுதூரம் நடக்க வேண்டும் என்கிறார். இலங்கை மலையகத்துக்காரர்கள் யாராவது பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருப்பதால் சொல்கிறேன். நான் நுவரெலியா மாவட்டத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன்.

எங்கள் பக்கம் ஆள் பஞ்சமே கிடையாது. 2012 குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை 7 லட்சத்துக்கும் மேல். அதில் பாதிக்கு மேல் தோட்டங்களில் இருப்பவர்கள். ஒரு தோட்டத்தைப் பிரித்திருக்கும் டிவிஷன்களை எல்லாம் சேர்த்தால் ஒரு பஸ் என்ன, நாலு பஸ் நிரம்பும். ஆனாலும் மேல் டிவிஷனுக்கு ஆட்டோதான்.

காரணம் ரோட்டில் இருக்கிறது. பறித்த தேயிலைக் கொழுந்து அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிடும். அதனால் வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய ரோடெல்லாம் மலையிலிருந்து ஃபேக்டரிக்கும், ஃபேக்டரியிலிருந்து ஸ்டேஷனுக்கும் போனது. ரயிலும் அப்படி வந்ததுதான். கண்டிக்கு 1867இல் வந்தது கோப்பிக்காக. கோப்பி நோயில் அழிந்து தேயிலை பிடித்துக்கொண்ட பிறகு, 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் பிள்ளைத்தாய்ச்சி எந்த வழியாக ஆஸ்பத்திரிக்குப் போவாள் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. இன்றைக்கும் பல லயங்களில் வாசலில் நின்றால் கீழே டவுன் தெரியும். குறுக்குப் பாதையில் இறங்கினால் சீக்கிரம் போய்விடலாம், மழை நாளில் அட்டைக்கடிதான். வாகனத்தில் போவதென்றால் ஃபேக்டரியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

அப்புறம், அந்த ரோடு யாருடையது? எழுபதுகளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. ரோடு தோட்டத்துக் கணக்கிலேயே இருந்துவிட்டது. பிரதேச சபை என்பது எங்கள் பக்கத்து உள்ளாட்சி மன்றம். 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டப்படி, தோட்டத்துக்குள் சபை தன் காசைச் செலவழிக்க வழி இருக்கவில்லை. நாங்கள் ஓட்டுப் போட்டுத் தெரிவு செய்த மெம்பரே வந்தாலும், எங்கள் ரோட்டில் ஒரு குழியை மூட முடியவில்லை! 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதற்காக எல்லா இடமும் கொங்கிரீட் ஆகிவிடவில்லை. லொறி, டிராக்டர் ஏறும் ரோடு வேறு, பஸ்காரர் துணிந்து ஏற்றும் ரோடு வேறு.

அதனால் ஆட்டோக்காரர்கள் பிழைக்கிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஏறினால் காசு பரவாயில்லை. ராத்திரி அவசரத்துக்குத் தனியாகப் பிடித்தால் ஒரு நாள் சம்பளத்தில் நல்ல பங்கு அதற்கே போய்விடும். பொடியன்கள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். சம்பளம்தான் முதல் காரணம், மறுக்கவில்லை.

எங்களுக்கு ஆள் ஒரேயடியாகக் குறைந்த காலமும் உண்டு. அது பஸ்ஸால் அல்ல, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால். எங்கள் இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்தானது. நீங்கள் கூடலூர், கோத்தகிரிப் பக்கமென்றால் அங்கே டான்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகம்) தோட்டங்களில் கேட்டுப் பாருங்கள், எங்கள் சொந்தக்காரர்கள் இருப்பார்கள்.

சரி, உங்கள் ஊர் விஷயம். இந்தியாவில் 2000இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் ஆள் கணக்கை வைத்தே ரோடு கொடுத்தது: சமவெளியில் 500 பேர், மலைப் பகுதியில் 250 பேர். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கணக்கு முழுக் கிராமத்துக்கு அல்ல, குடியிருப்புக்கு. பக்கத்துக் குடியிருப்புகளைச் சேர்த்தும் எண்ணலாம், மலையில் நடைபாதை தூரம் ஒன்றரை கிலோமீட்டர் வரைக்கும். உங்கள் குடியிருப்பைத் தனியாக எண்ணிவிட்டார்களா, பக்கத்தோடு சேர்த்தார்களா என்று பஞ்சாயத்தில் முதலில் விசாரியுங்கள். அப்படியே அந்த ரோடு பஞ்சாயத்துப் பெயரில் இருக்கிறதா, வனத்துறைப் பெயரிலா என்பதையும் கேட்டுவிடுங்கள்.